மாமாவின் கடையில் வேலைக்காரர் இல்லை

"எனக்கு அப்பொயின்மென்ட் லெட்டர் வேணும், மாமா."

கேட்டாகிவிட்டது. கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பிய ஒரேயொரு விஷயத்தை இரண்டரை வருடம் வாய்க்குள் வைத்திருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு கஜந்தி வெளியே போட்டுவிட்டாள்.

சிவகுருநாதன் தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கோப்பை பாதி வழியில் நின்றது. திரும்பி மேசைக்கும் போகவில்லை, வாய்க்கும் போகவில்லை.

"என்ன வேணும்?"

"நியமனக் கடிதம். நான் இஞ்ச இன்ன திகதியில இருந்து இன்ன வேலை செய்யிறன் எண்டு. உங்கட கையெழுத்தோட."

"ஆர் பிள்ளை உனக்கு இப்பிடியெல்லாம் சொல்லித் தந்தது?"

"கம்பஸில."

அம்மா சொன்னது இதுதான்: "சம்பளம் கூட்டிக் கேள், லீவு கேள், பசிச்சால் சோறு கேள். கடிதம் மட்டும் கேட்டிடாத. அங்க கடிதம் கேட்ட ஆக்கள் ஒருத்தரும் இப்ப அங்க இல்லை." சல்லிக் கிராமத்தில் அப்பாவின் வள்ளத்துக்கு வலை வாங்கக் கடன் கொடுத்தவரும், கஜந்தி கம்பஸுக்குப் போன நாலு வருடமும் "படிக்கட்டும், படிக்கட்டும்" என்று தலையைத் தடவியவரும் இதே சிவகுருநாதன்தான். பட்டம் எடுத்து வந்ததும் வேலை தந்தவரும் அவர்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி. கறுப்பு அங்கியோடு எடுத்த படம் வீட்டில் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது. அந்தப் பட்டத்தை வைத்து அவள் இரண்டரை வருடமாகக் கதிரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திருகோணமலை டவுனில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு தெருவில் இருந்தது அந்த இடம். கதிரை வாடகை, மணவறை, தகரப் பந்தல், ஒலி ஒளிச் சேவை. எண்ணூற்றுச் சொச்சம் பிளாஸ்ரிக் கதிரை, இரண்டு மணவறை, ஒரு ஜெனரேற்றர், ஒரு லொறி, பெரிய பாட்டுப் பெட்டி ஆறு. கொரோனா வந்து இரண்டாவது வருடம். கலியாணத்துக்குத் தடை. சாமத்தியச் சடங்குக்குத் தடை. செத்த வீட்டுக்குக் கூடப் பதினைந்து பேருக்கு மேல் போக முடியாது. பதினைந்து பேருக்கு எவன் கதிரை வாடகைக்கு எடுப்பான்? கதிரைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

கோப்பை கடைசியில் மேசைக்கு வந்தது.

"நீ எங்கட வீட்டுப் பிள்ளையெல்லோ கஜந்தி. வீட்டுப் பிள்ளைக்கு ஆரும் கடிதம் குடுப்பினமோ? என்ர மகனுக்கு நான் கடிதம் குடுத்தே பெத்தனான்?"

"சீனக்குடாவில ஒரு கம்பனியில கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருக்கினம். ரெண்டு வருச அனுபவம் கேக்கினம், ஒறிஜினல் கடிதத்தோட. வாற வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில போடக் கடைசி நாள்."

"ஓகோ. என்னை விட்டிட்டுப் போறதுக்கு என்னட்டையே கடிதம்."

"ஓம்."

இப்படி ஒரு "ஓம்" வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மழுப்பத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அவரும் மழுப்பியிருப்பார். கஜந்திக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கம்பஸில் ஒரு விரிவுரையாளரே அவளிடம், "நீர் கொஞ்சம் சுத்தி வளைச்சுக் கதைக்கப் பழகும்" என்று சொல்லியிருக்கிறார்.

"கதிரையெல்லாம் கிடந்து தூசி பிடிக்குது, நான் கிடந்து தவிக்கிறன், உனக்கு இப்பத்தான் கடிதம்," என்று சிவகுருநாதன் எழும்பி, கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் பயந்ததற்கு ஒரு கதை உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னர் தொழில் திணைக்களத்தில் இருந்து ஓர் அதிகாரி வந்தார். அப்போது பந்தல் கட்டிக்கொண்டிருந்த ஒருவன் வெள்ளந்தியாக, "நான் இஞ்ச வேலை செய்யிறன் சேர், அஞ்சு வருசம்" என்று சொல்லிவிட்டான். அவனுடைய ஐந்து வருட ஊழியர் சேமலாப நிதியையும் வட்டியோடு கட்டவேண்டி வந்தது. அன்றோடு அந்தக் கடையில் வேலைக்காரர் என்ற சாதியே ஒழிந்தது. முதலாளி என்று அவரை யாரும் கூப்பிடக்கூடாது. முதலாளி என்று ஒருவர் இருந்தால் தொழிலாளி என்று ஒருவர் இருக்கவேண்டும் அல்லவா? எல்லாருக்கும் அவர் மாமா.

யார் யாருக்கு என்ன முறை என்று தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியே இருந்தது. அதை எழுதி வைத்திருப்பதும் கஜந்தியின் வேலைதான். இராகுலன், லொறி ஓட்டுகிறவன், ஊர் கட்டைபறிச்சான்: அக்காவின் மகன். றிப்தி, ஒலிபெருக்கிக்காரன், ஊர் கிண்ணியா: குடும்ப நண்பரின் மகன், சின்னனில் இருந்தே வீட்டோடு. தங்கரத்தினம், மணவறை சோடிக்கிறவ, பெரிய சமையல் கிடாரம் கழுவுகிறவ: மாமியின் தங்கச்சி. முதலில் "மச்சாள்" என்றுதான் எழுதியது. சிவகுருநாதனின் மனைவி அன்னலட்சுமி அதைக் கண்டுவிட்டு, "என்ன மச்சாள்? ஆற்றை மச்சாள்? என்ர தங்கச்சி எண்டு போடு" என்று மாற்றுவித்தா. தங்கரத்தினம் அன்னலட்சுமியை விட ஆறு வயது மூத்தவ என்பதை அந்த அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் கஜந்தி: மருமகள்.

சம்பளம் என்ற பேச்சும் இல்லை. மாத முடிவில் "கைச்செலவு" வரும், அதுவும் கலியாண வீடுகளில் மிச்சப்பட்ட அன்பளிப்பு உறைகளில். கஜந்தியிடம் வீட்டில் முப்பது உறை இருந்தது. எல்லாவற்றிலும் தங்க எழுத்தில் "மணமக்கள் பல்லாண்டு வாழ்க." எந்தக் கம்பனியிடம் கொண்டுபோய் இதைச் சம்பளச் சான்று என்று காட்டுவது?

எல்லாவற்றையும் விடக் கொடுமை, சோதனை. வருடத்தில் இரண்டு தரம், முன்னறிவித்தல் இல்லாமல், சிவகுருநாதன் தன்னுடைய சிநேகிதர் சோமசேகரத்துக்குக் கழுத்தில் ரை கட்டி, கையில் ஒரு பையும் கொடுத்து, அதிகாரி மாதிரி அனுப்பி வைப்பார். அவர் வந்து மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார்:

"நீர் ஆர்?"

"மருமகன், சேர்."

"அப்ப ஏன் கதிரை தூக்கிறீர்?"

"மாமாவுக்கு நாரி நோ, சேர். குனிய ஏலாது."

"சம்பளம் எவ்வளவு?"

"சொந்தத்துக்குள்ள என்ன சேர் சம்பளம்?"

இப்படிச் சொன்னால் பாஸ். இராகுலன் ஒருதரம் தடுமாறி, "நாள் சம்பளம் சேர்" என்று உளறிவிட்டான். அந்த வருடம் தீபாவளிக்கு எல்லாருக்கும் புது உடுப்புக் கிடைத்தது, அவனுக்கு மட்டும் சேர்ட் இல்லை. அதற்குப் பிறகு அவன் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் "மருமகன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை சிவகுருநாதன் கடைக்குள் வந்தபோது முகத்தில் ஓர் ஒளி இருந்தது. கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தார்.

"கஜந்தி, எங்களிட்ட எத்தினை பேர் வேலை செய்யினம்?"

அந்தக் கட்டடத்துக்குள் "வேலை" என்ற சொல் அவர் வாயில் இருந்து வந்ததை அவள் அன்றுதான் கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை மாமா. எல்லாரும் சொந்தக்காரர்."

"பகிடி விடாத பிள்ளை. இதை வாசி."

வாசித்தாள். கொரோனாவால் நின்றுபோன தொழில்களுக்கு அரசாங்கம் உதவி செய்கிறது. ஆட்களை வேலையால் நிற்பாட்டாமல் வைத்திருக்கும் முதலாளிமாருக்கு, ஊழியர் ஒருவருக்கு இவ்வளவு என்று மூன்று மாதத்துக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு. ஊழியர் பெயர்ப்பட்டியல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் வேண்டும், கொரோனாவுக்கு முந்திய திகதியில். பிரதேச செயலகத்தில் இருந்து ஆள் வந்து நேரில் பார்ப்பார்.

"பன்ரெண்டு பேர் எண்டு போடு," என்றார் சிவகுருநாதன்.

"நாலு பேர்தான் இருக்கிறம்."

"மாமியைப் போடு. கனடாவில இருக்கிற மகனைப் போடு. சோமசேகரத்தைப் போடு, அவரும் எங்களுக்காக எவ்வளவு உழைச்ச மனுசன்."

"நான் பொய் எழுத மாட்டன்."

"இவ்வளவு நாளும் கொப்பியில எழுதினது என்ன, தேவாரமே?"

இது அவளுக்குச் சுட்டது. ஏனென்றால் உண்மை. "அதுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன், இனி எழுத மாட்டன்," என்றாள். "நாலு பேர். என்ர பேர் முதலாவது. திகதி உண்மையான திகதி. நாலு பேருக்கும் கடிதம்."

சிவகுருநாதன் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். நாலை ஒரு தொகையால் பெருக்கினார். அதற்கு அவர் பட்டம் எடுத்திருக்கத் தேவையில்லை. "சரி, அடி" என்றார்.

கஜந்தி நாலு கடிதம் அடித்தாள். முதலாவது தன்னுடையது. "செல்வி இரா. கஜந்தி, கணக்கு எழுதுநர், 2019 மாசி 4 முதல்." இவ்வளவுதான். இதற்குத்தான் இரண்டரை வருடம்.

அவர் கடிதங்களை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கையெழுத்து வைத்து, ரப்பர் முத்திரையும் குத்தி, திரும்பி வந்து கடையில் நின்ற இரும்பு அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினார். திறப்பை இடுப்பில் சொருகினார்.

"என்ர கடிதத்தைத் தாங்கோ."

"அது ஒபிஸ் பேப்பர். பிரதேச செயலகத்து மிஸ் வியாழக்கிழமை வாறாவாம், பாக்கட்டும், பாத்த பிறகு பத்திரமா இருக்கட்டும்."

"வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள் மாமா."

"வெள்ளிக்கிழமை உனக்கு. எனக்கு வியாழக்கிழமை," என்றார் அவர், தன் கெட்டித்தனத்தில் தானே மகிழ்ந்து.

அன்று இரவு அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டா: "கேட்டிட்டியோ?"

"கேட்டிட்டன்."

"ஐயோ. வேலை போச்சோ?"

"இல்லை. கடிதம் இருக்கு. அலுமாரிக்குள்ள."

"அப்ப பேசாம இரன். இருக்குத்தானே."

அப்பா வலையில் இருந்து தலையைத் தூக்காமல், "அலுமாரிக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றார். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை சிவகுருநாதன் எல்லாரையும் கூப்பிட்டு, கதிரைக் குவியலுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு ஒரு மிஸ் வருவா. நீங்கள் ஆர் எண்டு கேப்பா. கேட்டால், நாங்கள் இஞ்ச வேலை செய்யிறாக்கள் எண்டு சொல்லவேணும். விளங்கிச்சோ?"

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இராகுலனின் உதட்டு ஓரத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு ஏறியது.

"விளங்கிச்சு மாமா," என்றான், கண்ணைச் சிமிட்டி.

"ஏன்ரா கண்ணைச் சிமிட்டுறாய்?"

"ஒண்டுமில்லை மாமா."

அவர் போனதும் மூவரும் கஜந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இந்த முறை பெரிய சோதனை, அக்கா," என்றான் றிப்தி. "முன்னயெல்லாம் சொல்லாம ஆளை அனுப்புவாரு. இப்ப எங்கட வாயாலயே வேலைக்காரர் எண்டு சொல்ல வைக்கப் பாக்காரு. சொன்னமோ, மொத்தமா வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"இது சோதனையில்லை றிப்தி. உண்மையாவே ஆள் வரப்போகுது. உங்களுக்கும் கடிதம் அடிச்சிருக்கு, நான்தான் அடிச்சனான்."

மூன்று முகத்திலும் ஒரே இரக்கம்.

"பாவம், உம்மையும் பிடிச்சிட்டார்," என்றா தங்கரத்தினம். "போன முறையும் உந்தச் சோமசேகரம் அப்பிடியே உண்மையான அதிகாரி மாதிரித்தான் வந்தவர். சப்பாத்தெல்லாம் போட்டு."

"தங்கரத்தினம் அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"கேட்டிட்டம், கேட்டிட்டம்," என்று இராகுலன் அவளது தோளில் தட்டினான். "நீ பயப்பிடாத. எனக்கு ஒருக்கா சேர்ட் போனது போதும்."

ஏழு வருடப் பயிற்சியை ஒரு புதன்கிழமையால் அழிக்க முடியாது. கஜந்திக்குத் தலையைச் சுவரில் முட்ட வேண்டும் போல இருந்தது. கிட்டடியில் சுவர் இல்லை, கதிரைதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கியவ பிரதேச செயலகத்து அபிவிருத்தி உத்தியோகத்தர் ஹுஸ்னியா. முகக்கவசம், கறுப்பு ஹபாயா, கக்கத்தில் மொத்தமான ஃபைல். வந்த வேகத்திலேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. சோமசேகரத்தின் சாயல் மருந்துக்கும் இல்லை. ஆனால் மூவரும் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மாமா இந்த முறை நல்லாகச் செலவழித்திருக்கிறார் என்றுதான் நினைத்தார்கள்.

முதலில் இராகுலன்.

"நீங்க இங்க என்ன வேலை செய்றீங்க?"

"வேலையோ? நான் மருமகன், மிஸ். அக்காவின்ர மகன்."

"அப்ப அந்த லொறியை ஆர் ஓட்டுறது?"

"நான்தான். மாமாவுக்கு நாரி நோ."

சிவகுருநாதன் பின்னால் நின்று கையை ஆட்டினார். "டேய், உண்மையைச் சொல்லு! பயப்பிடாமல் உண்மையைச் சொல்லு!"

சோதனையில் சோமசேகரமும் சரியாக இந்த இடத்தில்தான் "பயப்பிடாமல் உண்மையைச் சொல்லும்" என்பார். இராகுலன் நெஞ்சை நிமிர்த்தினான். "உண்மைதான் மிஸ். சொந்தத்துக்குள்ள என்ன சம்பளம்?"

ஹுஸ்னியா எழுதிக்கொண்டா. அடுத்து றிப்தி, தோளில் ஒரு பாட்டுப் பெட்டியோடு வந்து நின்றான். அதை இறக்கி வைக்கவேண்டும் என்று கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நீங்க?"

கொப்பியில் இருந்தது "குடும்ப நண்பரின் மகன்." இராகுலனின் வெற்றியைப் பார்த்த சூட்டில் றிப்தி ஒரு படி மேலே போனான். "நானும் சொந்த மருமகன்தான் மிஸ்."

ஹுஸ்னியா பேனையை நிறுத்தினா. "தம்பி, நீங்க கிண்ணியாதானே? வாப்பா மீன் லொறி ஓட்டுறவர்?"

"ஓ... உம்மாட பக்கத்தால சொல்றன் மிஸ்."

"உம்மா எங்கட தெரு. ரெண்டு வீடு தள்ளி."

றிப்தி பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான். ஆனால் பின்வாங்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்து, "எண்டாலும் மாமாதான்," என்று ஒரு குரல் வந்தது.

தங்கரத்தினம் சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு, கேட்கும் முன்பே தொடங்கினா: "நான் அன்னலட்சுமியின்ர தங்கச்சி, மிஸ். அக்காவைப் பாக்க வந்தனான். வந்த இடத்தில சும்மா இருக்க ஏலாமல் கிடாரத்தைக் கழுவினனான்."

"அடையாள அட்டையில உங்களுக்கு ஐம்பத்தெட்டு. உங்கட அக்காவுக்கு ஐம்பத்திரண்டு எண்டு இந்தக் குடும்ப விபரத்தில இரிக்கு."

"எங்கட வீட்டில அப்பிடித்தான், மிஸ்," என்றா தங்கரத்தினம், குரலில் ஒரு சோகத்தோடு.

வாசலில் நின்ற அன்னலட்சுமி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டா. சிவகுருநாதனின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. வியர்வை முகக்கவசத்தை நனைத்து, அது வாயோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

"மிஸ், இதுகள் பயத்தில சொல்லுதுகள். எல்லாம் என்ர ஆக்கள். என்ர வேலைக்காரர். நான்தான் முதலாளி!"

மூன்று பேரும் மெய்சிலிர்த்துப் போனார்கள். மாமா இவ்வளவு நடிப்பார் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஹுஸ்னியா ஃபைலில் இருந்து இன்னொரு தாளை எடுத்தா. "இது உங்கட கிராம சேவகரிட்ட இருந்து வந்த சுயதொழில்காரர் பட்டியல். கொரோனா நிவாரணம் அஞ்சாயிரம் எடுத்த ஆக்கள். இராகுலன், சாரதி, சுயதொழில். தங்கரத்தினம், பூச்சோடனை, சுயதொழில். றிப்தியிட பேர் கிண்ணியாவில இரிக்கும், அதையும் பாப்பன். அது பரவாயில்ல, வருமானம் இல்லாட்டி எடுக்கத்தான் வேணும்." ஒரு வரியில் பேனையை வைத்தா. "இதில நாப்பத்தி மூண்டாவது பேர். சிவகுருநாதன், கதிரை வாடகை, சுயதொழில். ஊழியர் இல்லை. இது நீங்கதானே ஐயா?"

"அது... அது என்ர மனுசி நிரப்பினது."

குசினிக்குள் இருந்து அன்னலட்சுமியின் குரல் வந்தது. "நானோ? வரிசையில வெயிலுக்க நிண்டு வாங்கிக்கொண்டு வந்தது நீங்களெல்லோ!"

அப்போதுதான் ஹுஸ்னியா கடைசிப் பெயரிடம் வந்தா. பட்டியலில் முதலாவதாக இருந்த பெயர்.

"தங்கச்சி, நீங்க? மருமகளோ?"

எல்லாரும் கஜந்தியைப் பார்த்தார்கள். மூன்று பேர் தலையை மெல்ல ஆட்டி, சொல்லு, மருமகள் என்று சொல்லு என்று கண்ணால் கெஞ்சினார்கள். சிவகுருநாதன் எதிர்ப்பக்கமாகக் கெஞ்சினார். அவளுக்கு வந்த கோபம் இவர்கள் யாரிலும் இல்லை, அந்தச் சி.ஆர். கொப்பியில், தன்னுடைய அழகான கையெழுத்தில், தானே "மருமகள்" என்று எழுதி அடிக்கோடும் போட்ட அந்த நாளின் மேல் வந்த கோபம். அதுவே போதுமானதாக இருந்தது.

"நான் ஒருத்தற்ற மருமகளும் இல்லை, மிஸ். நான் இஞ்ச கணக்கு எழுதுறனான். 2019 மாசி நாலாம் திகதியில இருந்து. சம்பளம் கலியாண உறையில தாறவர், உறையெல்லாம் வீட்டில இருக்கு. நியமனக் கடிதம் அந்த அலுமாரியில இருக்கு. திறப்பு அவற்ற இடுப்பில இருக்கு."

றிப்தியின் தோளில் இருந்த பெட்டி தொப்பென்று இறங்கியது. "கஜந்தியின்ர கதை முடிஞ்சுது," என்று இராகுலன் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

"அலுமாரியத் திறங்க ஐயா," என்றா ஹுஸ்னியா.

சிவகுருநாதன் திறந்தார். திறக்காமல் என்ன செய்வது? மேலே இருந்த கடிதத்தை ஹுஸ்னியா எடுத்து, உரக்க வாசித்தா. பெயர், பதவி, திகதி, கையெழுத்து, முத்திரை. ஓர் அரசாங்க உத்தியோகத்தரின் வாயால் கேட்டபோதுதான் அது உண்மையில் நடந்த விஷயம் என்று கஜந்திக்குத் தோன்றியது. இரண்டரை வருடமும் அவள் அங்கே இருந்திருக்கிறாள். ஆளாக இருந்திருக்கிறாள். முகத்தை யாரும் காணக்கூடாது என்று முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டாள். இனி இங்கே வருவதில்லை என்று அவள் முடிவெடுத்தது அந்த இடத்தில்தான்.

ஹுஸ்னியா போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, கடிதத்தைக் கஜந்தியின் கையில் கொடுத்தா. "இது உங்கட கடிதம். இது உங்கட கையில இருக்கவேண்டியது, அலுமாரியில இல்ல." பிறகு சிவகுருநாதனிடம் திரும்பினா. "ஐயா, நான் வந்து பாத்ததில ஒரு ஊழியர் இரிக்காங்க. ஒருத்தருக்கு நான் சிபாரிசு செய்யலாம். மூண்டு மாசமும் இவங்க இங்க வேலையில இரிக்கோணும், முழுச் சம்பளம் குடுக்கோணும். அதோட நீங்க முதலாளி எண்டால் சுயதொழில் காசு அஞ்சாயிரத்தையும் திருப்பிக் கட்டோணும்."

"அஞ்சாயிரமும் போகுதோ?" என்றார் சிவகுருநாதன். மற்ற எல்லா அடியையும் தாங்கிய மனிதன் அந்த ஐயாயிரத்தில்தான் உடைந்தார்.

ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. பிறகு இராகுலன் கைகளைத் தேய்த்துக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

"எப்பிடி மாமா? பாஸ்தானே?"

"பாஸோ?"

"எல்லாம் கரெக்டா சொன்னம். கஜந்திதான் கொஞ்சம்... சின்னப் பிள்ளை, மன்னிச்சு விடுங்கோ. இந்த முறை நல்ல ஆளைப் பிடிச்சனீங்கள் மாமா, அப்பிடியே அரசாங்க ஆள் மாதிரி."

"அது அரசாங்க ஆள்தான்ரா, மடையா!"

அதன் பிறகு சிவகுருநாதன் சொன்னவற்றை எழுத முடியாது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். விஷயம் விளங்க விளங்க தங்கரத்தினம் ஒரு கதிரையை இழுத்து மெல்ல இருந்தா. "அப்ப உண்மையாவே எங்களுக்கு வேலை இருந்ததே?" என்றா.

பேசிக் களைத்ததும் அவர் கஜந்தியிடம் வந்தார். குரல் அப்படியே மாறியது. சம்பந்தம் பேச வந்தவரின் குரல்.

"இரு பிள்ளை. ஏன் நிக்கிறாய்?" என்று, மணவறைக்குப் பக்கத்தில் போர்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக் கதிரையின் உறையை உரித்து, சிவப்பு வெல்வெட்டைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டார். "அன்னம், கஜந்திக்குத் தேத்தண்ணி கொண்டா! பாலூத்தி!"

கஜந்தி இருக்கவில்லை.

"நீதான் இப்ப எங்கட ஒரே வேலையாள். முழுச் சம்பளம். அடுத்த மாசத்தில இருந்து மனேச்சர் எண்டு போடுவம். சேமலாப நிதியும் யோசிப்பம், நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. மூண்டே மூண்டு மாசம். பிறகு நீ எங்க வேணுமெண்டாலும் போ. சீனக்குடா எங்க ஓடப்போகுது?"

"நாளைக்குக் கடைசி நாள் எண்டு சொன்னனான்."

"சரி, விடு. அந்தக் கடிதத்தை மட்டும் தா. மழைக்காலம், நனைஞ்சு போகும். அலுமாரியில எண்டால் பத்திரம்."

ஆவணி மாதத்து வெயில் தகரக் கூரையில் வெடித்துக்கொண்டிருந்தது.

கஜந்தி மேசைக்குப் போனாள். தன்னுடைய பேனையையும் கல்குலேற்றரையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். கடிதத்தை, நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தோடு ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, அதையும் ஒரு புத்தகத்துக்குள் வைத்து, அடியில் செருகினாள். இதற்கெல்லாம் அவள் அவசரப்படவில்லை. சி.ஆர். கொப்பி மேசையில் கிடந்தது, அதைத் தொடவில்லை.

"நான் நாளையில இருந்து வரமாட்டன். கொரோனாவில நாலு மாசம் பாதிச் சம்பளம்தான் தந்தனீங்கள், மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புங்கோ. எந்த உறையில எண்டாலும் பரவாயில்லை."

"ஏய், நீ போனால் இஞ்ச ஆர் இருக்கினம்? ஒரு ஆளும் இல்லாமல் நான் என்ன முதலாளி? கொப்பர் என்னட்டை வாங்கின வலைக் காசு..."

"அப்பா போன வருசமே கட்டி முடிச்சிட்டார். கணக்கு நான்தான் எழுதினனான்."

தேத்தண்ணியோடு வந்த அன்னலட்சுமி குசினி வாசலிலேயே நின்றா. கஜந்தி பையைத் தோளில் போட்டாள். கடை வாசலுக்கு வந்தவள் மூன்று பேரையும் பார்த்து நின்றாள். இவர்களை நினைத்தால் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரமில்லை. கொரோனாவால் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு போஸ்ற் ஒபிசில் பதிவுத் தபால் எடுக்கமாட்டார்கள்.

"அந்த அலுமாரி இப்பவும் திறந்துதான் கிடக்கு," என்றாள். "உங்கட பேரிலயும் மூண்டு கடிதம் உள்ள இருக்கு. திகதி போட்டு, கையெழுத்து வைச்சு, முத்திரை குத்தி. மிஸ் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே, அது ஆற்றை கையில இருக்கவேணும் எண்டு?"

சிவகுருநாதன் அலுமாரிப் பக்கம் பாய்ந்தார். நாரி நோ என்று ஏழு வருடம் அதிகாரிமாருக்குச் சொல்லப்பட்ட மனிதன் பாய்ந்த பாய்ச்சலை அன்று எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் தங்கரத்தினம் கதிரையை விட்டு முதலே எழும்பிவிட்டா. அவவுக்கும் அலுமாரிக்கும் இடையில் நாலடிதான்.

"அத்தான், கொஞ்சம் விலகுங்கோ," என்றா.

பின்னால் கதிரைக் குவியல் ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. யார் தட்டியது, யார் விழுந்தது என்று கஜந்தி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தெருவில் இறங்கி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, தபால் கந்தோர் பக்கம் நடந்தாள்.